கயிற்றை உனக்கு விட்டிருக்கிறேன்

பெலேம், குவாமா
12 மார்ச் 2023

அன்புத் தங்கை லிந்தால்வாவுக்கு,

நசரே மாதா உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்வாளாக. இங்கே நானும் எவால்டோவும் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. பெலேமில் மழை என்றைக்குப் போனது, சொல். போர்த்தோ அலெக்ரேயில் வெயில் தணிந்ததா? உன் உடம்பு எப்படி இருக்கிறது?

கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன். எனக்கு ஒரு வரைபலகை வாங்க வேண்டும். மேசைமேல் வைத்து அதற்கென்று உள்ள பேனாவால் வரைந்தால் கம்ப்யூட்டர் திரையில் கோடு விழுமே, அதுதான். பாடப்புத்தகங்களுக்கு நீ படம் போடுவதே அதில்தானே. என் கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். எவால்டோவின் படகுப் பட்டறையில் குப்பைக்குப் போகவிருந்த மடிக்கணினி அது. லினக்ஸை நானே படித்துப் படித்து அதில் ஏற்றினேன். மூன்று முறை பாதியில் நின்றது. நாலாவது முறை ஜெபமாலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றினேன், ஏறிவிட்டது. எவால்டோ மட்டும் இன்னும் நம்பவில்லை. "சும்மா குடுக்குறான்னா உள்ள ஏதோ பேய் இருக்கு ஜுல்மீரா, பார்த்துக்க" என்கிறார்.

இப்போது மவுசால்தான் வரைகிறேன். குருத்தோலை ஞாயிறுக்காக மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு படம் போட்டேன். "டீச்சர், ஏசு ஏன் கபிபாரா மேல வர்றாரு?" என்று வகுப்பே சிரித்தது. அது ஆற்றுப் பெருச்சாளி இல்லை, கழுதை, லிந்தா. மவுசால் கழுதையின் காதை வரைந்து பார், தெரியும்.

உண்மையான காரணம் வேறு. இரண்டு ஊரில் இருப்பவர்கள் ஒரே தாளில் ஒரே சமயத்தில் வரைகிற மாதிரி ஒரு நிரல் இருக்கிறது, நம் லினக்ஸில் இலவசமாகவே ஓடுகிறது. அக்டோபர் சீரியோ திருவிழாவுக்குக் கோவில் கூடத்தில் மாட்ட ஊர்வலப் படம் ஒன்று வேண்டுமென்று ஃபாதர் அன்செல்மோ கேட்டார். நம் வழக்கப்படி நீ கோவில் முனையிலிருந்து, நான் ஆற்று முனையிலிருந்து. நடுவில் மாதா தேரில் சந்திக்கலாம். நீ தெற்கே குடியேறிய வருஷம் பாதியில் சுருட்டி வைத்த தாள் அலமாரிமேல் அப்படியே இருக்கிறது. பத்தொன்பது வருஷம்.

இன்னொன்று. போன வருஷத்திலிருந்து உன் கடிதங்கள் எல்லாம் அச்சடித்தே வருகின்றன. பேசும்போது கேமராவையும் நீ திறப்பதில்லை. உன் பெயரின் முதல் எழுத்துக்கு நீ இழுக்கும் நீள வாலைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும்,
அக்கா ஜுல்மீரா


போர்த்தோ அலெக்ரே
9 ஏப்ரல்

அக்காவுக்கு,

உன் ஆசீர்வாதம் வந்து சேர்ந்தது. ஈஸ்டர் வாழ்த்துகள். நான் நலமாகவே இருக்கிறேன். அத்தானின் முழங்காலுக்கு என் அனுதாபம், பேய்க்கு என் வணக்கம்.

வரைபலகைக்கு வருகிறேன். திரையோடு சேர்ந்தது வேண்டாம். உன் பழைய மடிக்கணினிக்கு அது பாரம். திரையில்லாதது போதும். பேனா மின்கலம் இல்லாததாக இருக்கட்டும். பேனாவை அழுத்தினால் கோடு தடிக்க வேண்டும், லேசாகத் தொட்டால் மெலிய வேண்டும்; அது மட்டும்தான் முக்கியம். பேனாவின் சாய்வை அறிகிற வசதி, பலகையைச் சுற்றிப் பொத்தான்கள் இதெல்லாம் உனக்குத் தேவையே இல்லை. டப்பாவில் போட்டிருக்கும் பெயரை நம்பாதே. ஒரே பெயரில் உள்ளே வேறு வேறு சில்லு வைத்து விற்பார்கள். பலகையைச் செருகிவிட்டு, கருப்புத் திரையில் நீ கட்டளை கொடுப்பாயே, அங்கே சாதனங்களின் பட்டியலைக் கேள். நாலும் நாலுமாக எட்டு எழுத்தில் ஓர் அடையாள எண் வரும். அதுதான் அதன் உண்மையான பெயர். வாங்குவதற்கு முன் அதை எனக்கு எழுது.

சேர்ந்து வரைவதைப் பற்றி அவசரப்பட வேண்டாம். முதலில் நல்ல பலகை அமையட்டும்.

கேமரா கெட்டுவிட்டது. அச்சடிப்பது வேகம் என்பதால்தான்.

அன்புடன்,
லிந்தா


பெலேம்
28 ஏப்ரல்

அன்பு லிந்தாவுக்கு,

மாதாவுக்கு ஸ்தோத்திரம், உன் கடிதம் கண்டு மனசு நிறைந்தது. நாங்கள் சுகம். நீ நலம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். ஒரே ஒரு வரி.

மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். ஜெனேசியோ கடையில் பலகை இருந்தது. லினக்ஸில் ஓடுமா என்று கேட்டேன்.

"லினக்ஸா? அது என்ன மீனும்மா?"

"மீன் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறது. நான் செருகிப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்."

"டப்பாவ உடைச்சா வாங்கித்தான் ஆகணும், தோனா ஜுல்மீரா."

"பழத்த மோந்து பார்க்காம வாங்குவியா நீ?"

பக்கத்தில் நின்ற அசாயிப் பழம் விற்கும் பெண் சிரித்துவிட்டாள். அவனுக்கும் வேறு வழியில்லை, பிரித்துக் கொடுத்தான். செருகினேன். எண் வந்தது. மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைபலகைக்கென்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். கடை, பெயர், அடையாள எண், நீ சொன்னது என்று நாலு கட்டம். எண்ணைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒரு கோடும் இழுத்துப் பார்த்தேன். அழுத்தினேன், தடித்தது. கடையில் நின்றே எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் சிரிப்பாய்.

நீ சரி என்றால் மறுநாளே வாங்கிவிடுவேன். சீக்கிரம் எழுது.

அக்கா


போர்த்தோ அலெக்ரே
4 ஜூன்

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே குளிர் முன்னதாகவே வந்துவிட்டது. மாத்தே தேநீர் குடிக்கும் குடுவை கையிலிருந்து நழுவி உடைந்தது. புதியது இன்னும் பழகவில்லை. மற்றபடி நலம். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய எண்ணைப் பார்த்தேன். வாங்காதே. இது புதிய சில்லு. இதற்கும் லினக்ஸுக்கும் நடுவில் பேசிவைக்கும் டிரைவர் இன்னும் முழுதாக வரவில்லை. கடையில் ஒரு கோடு நன்றாக வரும், வீட்டில் அரை மணி நேரத்தில் அறுந்துபோகும். அடுத்த பதிப்பு வரும்வரை காத்திரு.

பதிப்பகத்துக்கு வரைவதை மே மாதத்திலிருந்து குறைத்துக்கொண்டேன். கொஞ்சம் ஓய்வு.

அன்புடன்,
லிந்தா


பெலேம்
25 ஜூன்

அன்பு லிந்தாவுக்கு,

நேற்றுப் புனித யோவான் திருவிழா. தெருவெல்லாம் நெருப்பு மூட்டி, சோளக்கஞ்சி காய்ச்சி, குவாட்ரில்யா ஆட்டம். எவால்டோ முழங்காலை மறந்து ஆடினார், இன்றைக்கு அதை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். உனக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஓய்வு என்று எழுதியிருந்தாய். நல்லதுதான். காய்ச்சல் வந்தபோதுகூடக் கட்டிலில் சாய்ந்து வரைந்தவள் நீ.

நீ சொன்னபடி முதல் பலகையை விட்டுவிட்டேன். ஜெனேசியோவே கேட்டான். "என்ன தோனா, மீன் கடிக்கலையா?" என்று. பிறகு துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் இன்னொரு பலகை பார்த்தேன். மூலையில் கீறல். ஆனால் சில்லு பழையது. அதன் எண்ணையும் இதோடு வைத்திருக்கிறேன். லினக்ஸுக்குள்ளேயே இதற்கான டிரைவர் இருக்கிறது என்று நானே தேடிப் படித்தேன். பார்த்துச் சொல்.

சீரியோவுக்கு இன்னும் பதினைந்து வாரம். நான் ஆற்றங்கரைப் படகுகளை மனசுக்குள் வரைந்து முடித்துவிட்டேன்.

அக்கா


போர்த்தோ அலெக்ரே
30 ஜூலை

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள். இரண்டாவது பலகையும் சரிவராது. பேனாவைச் சாய்ப்பது அதற்குத் தெரியாது. நிழல் போடும்போது சாய்வு ரொம்ப முக்கியம். இன்னும் கொஞ்சம் பொறு, அக்கா. இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷம்.

உன்னை வெறுங்கையோடு விட மனமில்லை. இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டர் தூரிகைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பன்னிரண்டு வருஷமாக நானே சேர்த்துச் செதுக்கியவை. தனித்தனியாக எடுக்கப் பொறுமை இல்லை, என் அமைப்புக் கோப்புறையை முழுசாகவே போட்டுவிட்டேன். உன் கோப்புறை இருக்கும் இடத்தில் இதை வைத்தால் போதும். மவுசோடு பழகிக்கொண்டிரு.

லிந்தா


பெலேம்
20 ஆகஸ்டு

அன்பு லிந்தாவுக்கு,

மாதா காவல். நாங்கள் சுகம்.

நீ கோபிக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். முதல் பலகையை வாங்கிவிட்டேன். அடையாள எண்ணை லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் மின்மடல் குழுவில் போட்டுக் கேட்டேன். ரெசிஃபேயிலிருந்து ஒரு பல் வைத்தியர் பதில் எழுதினார். இரண்டு வருஷமாக அதே எண்ணுள்ள பலகையில்தான் பிள்ளைகளுக்குப் பல் படம் வரைந்து காட்டுகிறாராம். ஒரு கோடுகூட அறுந்ததில்லையாம். நீ பழைய செய்தி எதையோ படித்திருப்பாய். நோட்டில் 'நீ சொன்னது' கட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஏப்ரலில் சாய்வு தேவையே இல்லை என்று இருக்கிறது. ஜூலையில் ரொம்ப முக்கியம் என்று இருக்கிறது. இரண்டையும் நான்தான் சரியாக எழுதிக்கொள்ளவில்லை போலும்.

எவால்டோ கதவோரம் நின்று பார்த்தார்.

"இப்பவாவது அது கழுதையா?"

"கழுதைதான்."

"காது சின்னதா இருக்கே."

"உங்க காது மாதிரி வரைஞ்சேன்."

உன் தூரிகைகளும் வந்து உட்கார்ந்தன. உன் அலமாரியைத் திறந்து உன் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. ஆனால் ஓர் ஆச்சரியம். நான் எவ்வளவு கோணலாக இழுத்தாலும் கோடு வழுவழுப்பாக வந்தது. அறுபது வயதுக்கு எனக்கு இப்படி ஒரு கையா என்று சந்தோஷப்பட்டேன். பிறகு அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். கையின் நடுக்கத்தை எடுத்துவிட்டுக் கோட்டைச் சீராக்கும் வசதி ஒன்று இருக்கிறதே, அது உன் கோப்புறையில் கடைசி எல்லைவரை ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் எண் கிடையாது.

அளவுகோல் இல்லாமல் கோவில் கோபுரம் வரைவாய் நீ.

பிறகு எழுந்துபோய்த் துணியை எடுத்தேன். மழை வந்துவிட்டது, கொடியில் துணி இருந்தது.

அக்கா


பெலேம்
3 செப்டம்பர்

அன்பு லிந்தாவுக்கு,

உன் பதில் வராமலே எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் கொஞ்சம் விட்டிருக்கும்.

நேற்றுச் சனிக்கிழமை கம்ப்யூட்டரில் நம் தாளைத் திறந்தேன். அதன் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்; நிரலில் தட்டினால் வாசல் திறக்கும், வேறு யாரும் வர முடியாது. ஆற்று முனையிலிருந்து தொடங்கினேன். படகுகள், மீன் சந்தை, மிரிச்சி மரப் பொம்மை விற்கிறவர்கள், வெயிலுக்குத் தலையில் ஈரத் துண்டு போட்ட கிழவர்கள். கோட்டைச் சீராக்கும் வசதியை என் பக்கம் அணைத்துவிட்டேன். அது இருந்தால் எல்லா முகமும் சோப்பு மாதிரி வருகிறது. என் கோடு கோணல்தான். கூட்டத்தில் யார் நேராக நிற்கிறார்கள்?

கோவில் முனையை உனக்கே வைத்திருக்கிறேன். கயிற்றையும் உனக்கு விட்டிருக்கிறேன். தேரை இழுக்கும் அந்த நானூறு மீட்டர் கயிறு. அதை ஆயிரம் பேர் பிடித்து இழுக்கும்போது அது ஒரு நொடி நேராக நின்று நான் பார்த்ததில்லை. நீயும் பார்த்ததில்லை.

சனிக்கிழமைதோறும் மழைக்குப் பிறகு தாள் திறந்திருக்கும். நேற்று மாலை ஜெப மணி அடிக்கும்வரை இருந்தேன். யாரும் வரவில்லை. வந்தவர்கள் பெயர் ஓரத்தில் தெரியும் என்று போட்டிருந்தது. என் பெயர் மட்டும் இருந்தது.

அக்கா


போர்த்தோ அலெக்ரே
17 செப்டம்பர்

அக்கா,

இது அச்சு இல்லை. என் கைதான். எந்தக் கை என்று கேட்காதே.

இவ்வளவு எழுதவே காலையிலிருந்து மத்தியானம் ஆகிவிட்டது. பலகை விஷயத்தில் நீ நோட்டில் எழுதியது எல்லாம் சரி. நான்தான் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

இரண்டு சனிக்கிழமை முகவரியைத் திரையில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரவில்லை. நீ இருப்பது தெரியும்.

கயிறு ஏன் எனக்கு என்று தெரிகிறது, அக்கா.

23ஆம் தேதி. மழைக்குப் பிறகு.

லிந்தா


பெலேம்
10 அக்டோபர்

என் லிந்தாவுக்கு,

மாதாவின் நாள் முடிந்து எழுதுகிறேன். நாங்கள் சுகம். ஏழு நாள் வேகவைத்த மனிசோபாக் குழம்புச் சட்டியின் அடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உன் பங்கைப் பக்கத்து வீட்டு க்ரேயூசா சாப்பிட்டாள்.

உன் கடிதத்தில் உன் பெயரின் முதல் எழுத்துக்கு வால் இருந்தது. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

23ஆம் தேதி மழை நாலு மணிக்கே நின்றுவிட்டது. நான் தாளைத் திறந்து வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது கோவில் முனையில் உன் பெயரோடு ஒரு சின்னப் புள்ளி நின்றுகொண்டிருந்தது. கோடு எதுவும் இல்லை. எவால்டோவைக் கூப்பிட்டேன். "லிந்தாதானா அது?" என்று திரையைத் தொடப்போனார். "தொடாதீங்க, போயிடப்போறா" என்றேன். ஓரத்துப் பெட்டியில் நீ தட்டியதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன், நோட்டிலும் எழுதிவிட்டேன்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டி."

"அத்தான் பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. வாய மூடிட்டு இருக்காரு, அதிசயமா."

"சிரிக்க வைக்காத. ஏற்கெனவே ஆடுது."

பிறகு கயிறு தொடங்கியது. கொஞ்சம் தடித்து, கொஞ்சம் மெலிந்து, நின்று, மறுபடி. நீயும் அந்த வசதியை அணைத்திருந்தாய். அது எனக்குத் தெரிந்தது. உனக்கு இடைஞ்சலாக இருக்குமென்று என் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீ ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் வரைந்தாய். அடுத்த சனிக்கிழமை இன்னொரு சாண். மூன்றாவது சனிக்கிழமை சீரியோவுக்கு முந்தின நாள். எனக்கு நேரமில்லை, உனக்கு முடியவில்லை.

அதனால் ஃபாதர் அன்செல்மோ படத்தை அப்படியே அச்செடுத்துக் கூடத்தில் மாட்டினார். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"இந்தக் கயித்த யார் வரைஞ்சது? ஆளுங்க இழுக்குறது அப்படியே தெரியுதே."

"என் தங்கச்சி, ஃபாதர்."

"ஆனா கயிறு தேர்வரைக்கும் வந்து முட்டலையே. நாலு விரல் வெள்ளை கிடக்கு. தேர் எப்படிப் போகும்?"

"போகும், ஃபாதர். மெதுவாப் போகும்."

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஊர்வலத்துக்கு முந்தின நாள் கோவில் வாசலில் நேர்ச்சைக்கு மெழுகு உரு விற்கிறவளிடம் போனேன். கால், தலை, வீடு, படகு எல்லாம் கூடையில் இருந்தன. ஒரு கை வேண்டும் என்றேன்.

"வலதா, இடதாம்மா?"

எந்தக் கை என்று கேட்காதே என்று நீ எழுதியிருந்தாய்.

பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "சீக்கிரம் சொல்லுங்க தோனா, மெழுகு உருகுது" என்றாள். இரண்டையும் வாங்கினேன். ஆளுக்கு ஒன்றாக நானும் எவால்டோவும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். முழங்காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

வரும் சனிக்கிழமை மழைக்குப் பிறகு தாள் திறந்திருக்கும்.

அக்கா ஜுல்மீரா